பேட்டரி இல்லாத சாட்சி

அத்தியாயம் 6

பன்னிரண்டாவது கடையின் மாடிப்படியில் ஏறும்போது மேடத்தின் வலது முட்டி ‘க்ளக்’ என்றது. எனக்குப் பழகிய சத்தம். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் நேரம் தவறாமல் வேலை செய்வது அந்த முட்டி ஒன்றுதான்.

“இந்தக் கடையிலயும் இல்லைன்னா?” என்றேன்.

“பதிமூணாவது கடை.”

“பதிமூணு ராசியில்லாத நம்பர் மேடம்.”

“பன்னெண்டு வரைக்கும் என்னத்தைக் கிழிச்சுது? ஏறு.”

மேடம் முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்து வாய்த்துடுக்கால் வேலை போனவன். அந்த வாயைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட ஒரே ஆள் மேடம்தான்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு கேமராவை. அதற்கான காரணம் சிரிப்பதற்குரியதல்ல.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், புதன்கிழமை காலையில், ஊருக்கு வெளியே ஒரு துணி பேக்கிங் கிடங்கு எரிந்துபோனது. பேக்கிங் மேஜையில் இருந்த ஒன்பது பேர் பின்கதவுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தார்கள். பத்தாவது ஆள் கிடங்கின் எலக்ட்ரீஷியன். அவர் உடல் கிடைத்தது மறுகோடியில், மெயின் சுவிட்சின் அடியில். கம்பெனி இரண்டே வரியில் கையைக் கழுவிவிட்டது. ஒயரிங்கை அலட்சியமாக விட்டது எலக்ட்ரீஷியன். பின்கதவு திறந்துதான் இருந்தது, பதற்றத்தில் அதைத் தள்ளத் தெரியாமல் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். செத்தவர் யாரும் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்பதால் ஊரும் நம்பிவிட்டது.

எலக்ட்ரீஷியனின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினாலு பிள்ளைகள் ஏறிய வேனில் இப்போது இரண்டு பேர்தான் ஏறுகிறார்கள். அந்த இரண்டில் ஒன்று அவருடைய சொந்தப் பெண். செத்த ஒன்பது பேரில் நாலு பேர் அவர்கள் தெருக்காரர்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் அதில் ஒருத்தி.

“என் வீட்டுக்காரர் அலட்சியமான ஆள் இல்லம்மா. அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க,” என்று சொல்லி, கணவர் எழுதி வைத்திருந்த ஒரு காகிதத்தை எங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். விசாரணைக் கமிட்டியின் கடைசி அமர்வு நாளைக் காலை பத்து மணிக்கு. அதற்குள் ஏதாவது கிடைத்தால் உண்டு.

அந்தக் காகிதத்தில் பென்சிலால் ஒரு கட்டம். எதையோ வைத்துச் சுற்றிவர வரைந்தது. உள்ளே பொடி எழுத்தில் நாலு வரி: ‘பேட்டரி கூடாது. சத்தம் கூடாது. கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஃபிலிம்.’

நான் அதைச் சவப்பெட்டியின் வரைபடம் என்று நினைத்தேன். மேடம் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார். எலக்ட்ரீஷியன்கள் இடுப்பில் தொங்கவிடுவார்களே, கரண்ட் பார்க்கிற மீட்டர், அதன் தோல் உறை. கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கட்டத்தின் மேல் வைத்தோம். மயிரிழை பிசகவில்லை. கிடங்கின் வாசலில் எல்லாருடைய செல்போனையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். எலக்ட்ரீஷியனின் மீட்டர் உறையை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. மனுஷன் அதற்குள் ஒளித்து எடுத்துப்போக ஒரு ஃபிலிம் கேமரா தேடியிருக்கிறார்.

“பொழுதன்னிக்கும் கரண்ட்டோட குடும்பம் நடத்துற ஆளு, கரண்ட் இல்லாத கேமரா கேட்டிருக்கார் பாருங்க,” என்றேன் அப்போது.

“கரண்ட்டை நம்பாத ஒரே ஆள் எலக்ட்ரீஷியன்தான்,” என்றார் மேடம்.

இப்படித்தான் பன்னிரண்டாவது கடைக்கு வந்து சேர்ந்தோம். கீழே பல் டாக்டர், மேலே கேமரா டாக்டர். போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. கீழேயிருந்து பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, மேலே ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒருவர் கேமராவின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். மேடம் காகிதத்தை அவர் முன்னால் விரித்தார்.

அவர் கண்ணிலிருந்த லென்ஸ் நழுவி விழுந்தது.

“இந்தக் கட்டமா? இது மீசைக்காரரோடதாச்சே! வாங்குறதுக்குள்ள நாலு தடவை வந்தாரும்மா. ஒவ்வொரு கேமராவா இது மேல வெச்சு வெச்சுப் பார்ப்பாரு. பொண்ணு பார்க்க வந்தவன்கூட அவ்வளவு கேள்வி கேட்க மாட்டான்.”

“அவர் செத்துப்போயிட்டார்,” என்றார் மேடம். “பேப்பர்ல வந்துச்சே, கிடங்கு தீ.”

“நான் பேப்பரைப் பொட்டலம் கட்டத்தான் வாங்குறேன்.” கேமரா டாக்டர் திறந்து கிடந்த கேமராவை ஒதுக்கி வைத்தார். பிறகு ஸ்டூலை மேடத்தின் பக்கம் தள்ளினார். “உட்காருங்கம்மா. என்ன தெரியணும்?”

“எந்த கேமராவை எடுத்தார், எதையெல்லாம் வேண்டாம்னார், ஏன் வேண்டாம்னார். அவ்வளவுதான்.”

அவர் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். முதல் தடவை கண்ணாடி வைத்த பெரிய கேமரா ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதன் நெற்றி புடைத்துக்கொண்டு கட்டத்தைத் தாண்டியது. அழுத்தினால் உள்ளே கண்ணாடி எகிறி ‘டப்’ என்று வேறு சத்தம். வேண்டாம். இரண்டாவது தடவை சின்னதாக, அழகாக ஒன்று. ஆனால் பேட்டரி செத்தால் அதுவும் செத்துவிடும். வேண்டாம். பிறகுதான் ரேஞ்ச்ஃபைண்டர் வகைக்கு வந்திருக்கிறார்கள்.

“அது என்ன வகை?” என்றேன்.

“லென்ஸ் வழியா பார்க்கறது இல்ல தம்பி. மேல தனியா ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதுல ஒரே ஆளு ரெண்டு ஆளா தெரிவான். வளையத்தைத் திருப்பினா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உட்காரும். உட்கார்ந்துட்டா தூரம் சரின்னு அர்த்தம்.”

“ரெண்டு பெக் போட்டா எனக்கு ஜன்னலே வேண்டாம். ரெண்டாத்தான் தெரியும்.”

“உனக்கு ஒண்ணா உட்காராது. அதான் வித்தியாசம்,” என்றார் மேடம், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. “மேல சொல்லுங்க.”

“மூணாவது தடவை வந்தப்போ நல்லதா ஒண்ணு காட்டினேன். முழுக்கக் கையாலயே வேலை. உள்ள பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். லென்ஸ்ல ஒரு கீறல் இல்ல. கட்டத்துக்குள்ள கச்சிதமா உட்கார்ந்துச்சு. கிளிக் பண்ணினா எலி தும்முற சத்தம்கூட வராது. எல்லாம் பொருந்தி வந்துச்சும்மா. ஆனா வேண்டாம்னுட்டாரு.”

“ஏன்?”

“முன்னாடி ஒரு கொக்கி இருக்கும், செல்ஃப் டைமர். அது மட்டும் வேலை செய்யல. ‘இதை யாருங்க இப்போ உபயோகிக்கிறா’ன்னேன். ‘எனக்கு அது கண்டிப்பா வேணும்’னாரு. அடுத்த வாரம் இன்னொண்ணு காட்டினேன். அடிபட்டு நசுங்கினது, ஜன்னல் மஞ்சள் பாரிச்சுப் போயிருந்துச்சு, அழகுன்னு சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கொக்கி வேலை செஞ்சுது. அதைத்தான் எடுத்துக்கிட்டாரு.”

மேஜையிலிருந்த வேறொரு கேமராவை எடுத்து அதன் முகத்திலிருந்த கொக்கியைக் கீழே இழுத்து விட்டார். ‘ஸ்ர்ர்ர்’ என்று வண்டு மாதிரி சத்தம். நான் பத்து வரை எண்ணினேன். கிளிக்.

“ஒளிஞ்சு படம் எடுக்கப் போன இடத்துல செல்ஃபி வேற எடுக்க ஆசையா?” என்றேன். “சரி, மனுஷன்தானே.”

மேடம் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரிக்காதது புதிதல்ல. ஆனால் இந்த முறை முகம் இருண்டுபோயிற்று.

“வேற என்ன கேட்டார்?”

“ஆறடி தூரத்துல ஒரு ஆளோட முகமும் கையும் ஒண்ணா தெளிவா வருமான்னு கேட்டாரு. தூரத்தை முன்னாடியே ஆறடிக்குத் திருப்பி வெச்சுட்டா ஜன்னல்ல கண்ணு வைக்கவே வேண்டாம், மீட்டர் பார்க்குற மாதிரி நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டே எடுக்கலாம்னு சொல்லிக் கொடுத்தேன்.”

“கடைசியா எப்போ வந்தார்?”

“மூணு வாரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.”

செவ்வாய் சாயங்காலம். மறுநாள் காலையில்தான் தீ.

“முடிஞ்சுபோன ரோலை என்னையே கழட்டிக் கழுவி வைக்கச் சொன்னாரு. புது ரோல் போட்டு விட்டேன். முகமே சரியில்ல. ‘மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் வரவே இல்ல.”

“பழைய ரோல்?” என்றார் மேடம்.

கேமரா டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன உருளையை எடுத்து வைத்தார். “இதோ. இன்னும் கழுவல. அஞ்சு ரோல் சேர்ந்தாத்தான் மருந்து கலக்குறது என் வழக்கம். நாலுதான் சேர்ந்திருக்கு.”

“அஞ்சாவது ரோலை நான் வாங்கித் தரேன்,” என்றேன். “கீழ போய் பல் டாக்டரோட வாயைப் படம் எடுத்துட்டு வரேன்.”

மேடம் அவரிடம் ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னார். நாளைப் பத்து மணியைப் பற்றிச் சொன்னார். வேனில் ஏறும் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். கேமரா டாக்டர் எழுந்து கடைக் கதவில் ‘மூடப்பட்டது’ பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, கறுப்புத் திரைக்குப் பின்னால் போனார்.

நான் செய்த தப்பை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். படிக்கட்டில் போய் நின்றுகொண்டு எலக்ட்ரீஷியனின் மனைவிக்கு போன் செய்தேன். “ஃபிலிம் கிடைச்சிருச்சுக்கா! இன்னும் ஒரு மணி நேரத்துல படத்தோட வர்றோம்!” என்றேன். மறுமுனையில் ‘நிஜமாவா’ என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அழுகை. நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு எங்கள் தொழிலில் வருடத்துக்கு ஒரு தடவை வருவதே அபூர்வம். அந்த ஆசையில் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். மேடத்திடம் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து கேமரா டாக்டர் ஈரம் சொட்டும் சுருளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

ஒன்றுமே இல்லை. பளிங்குபோல் வெறும் சுருள்.

“மருந்து சரியில்லையா?” என்றேன்.

“ஓரத்துல பாருங்க, நம்பர் எல்லாம் கறுப்பா, தெளிவா வந்திருக்கு. மருந்து சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.” சுருளை விளக்கருகே இன்னும் கொண்டுபோனார். “உள்ள வெளிச்சமே போகலம்மா.”

மேடம் சுருளின் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். பத்து. இருபது. முப்பது. முப்பத்தைந்து வரை ஒன்றுமில்லை.

முப்பத்தாறாவது கட்டம் மட்டும் கறுத்திருந்தது.

“அதைப் பிரின்ட் போடுங்க,” என்றார் மேடம்.

சிவப்பு விளக்கின் கீழே, தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில், வெள்ளைக் காகிதத்தில் படம் மெல்ல எழும்பி வந்தது. முதலில் ஒரு இரும்புக் கதவு. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துச் சுற்றிய சங்கிலி. சங்கிலியில் உள்ளங்கை அகலப் பூட்டு. கதவுக்கு மேலே கடிகாரம், ஒன்பது பத்து. நான் கிட்டத்தட்டக் குதித்துவிட்டேன். “பூட்டியிருக்கு மேடம்! கதவு பூட்டியிருக்கு! கம்பெனி சாயம் வெளுத்துப்போச்சு!”

“பொறு,” என்றார் மேடம்.

கதவுக்கு முன்னால் ஒரு ஆள் எழும்பி வந்தார். மீசைக்காரர். கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கை பூட்டின் மேல் இருந்தது. வலது கையில், முகத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கட்டும் என்பதுபோல் ஒரு சாவியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

நான் தட்டின் மேல் இன்னும் குனிந்தேன்.

மேடம் எங்கள் இருவரையும் கறுப்புத் திரைக்கு வெளியே கூட்டி வந்து, மேஜையிலிருந்த ஒரு கேமராவை எடுத்து, தெருவுக்கு நேராக என் கண்ணில் வைத்தார். “ஜன்னல் வழியா என்ன தெரியுது?”

“தெரு. சைக்கிள். பல் டாக்டர் போர்டு.”

“படம் எடு.”

கிளிக் செய்தேன். மேடம் கேமராவைத் திருப்பி அதன் முகத்தை எனக்குக் காட்டினார். லென்ஸின் மேல் கறுப்பு மூடி மூடியபடியே இருந்தது.

கேமரா டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இந்த வகை கேமராவுல எல்லாரும் செய்யற தப்பும்மா. ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடியைக் கழட்ட மறந்தாலும் ஜன்னல்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியும். அவர்கிட்ட சொன்னேனா... அன்னிக்குக் கடையில கூட்டம்... சொன்ன மாதிரிதான் இருக்கு.”

“முப்பத்தஞ்சு காலை,” என்றார் மேடம். “தினமும் யாரோ ஒருத்தர் இவரைப் பூட்டச் சொல்லி, பூட்டியிருக்கான்னு இழுத்துப் பார்த்திருக்கணும். மேனேஜரா இருக்கணும். அந்த ஆளோட முகமும் கையும் ஆறடி தூரத்துல. இவர் மீட்டர் பார்க்குற மாதிரி நின்னு எடுத்திருக்கார். மூடி போட்டிருந்ததால அது கேமரான்னே யாருக்கும் தெரியல, இவரும் மாட்டிக்கல. அதே மூடியால ஒரு படமும் வரல.”

“அப்போ கடைசிப் படம் மட்டும் எப்படி...” என்று ஆரம்பித்த எனக்கே பாதியில் புரிந்துவிட்டது.

கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு மூடி தெரியாது. கொக்கியை இழுத்துவிட்டு, முன்னால் வந்து நின்றால்தான் தெரியும். கடைசிப் படத்துக்கு அவர் முன்னால் வந்து நின்றார். மூடியைப் பார்த்தார். ஓடிப்போய்க் கழற்றியிருப்பார். மற்ற முப்பத்தைந்தும் போயிற்று என்பது அந்த நொடியே அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் ‘மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்’. மறுநாள் காலை புது ரோலோடு போனார். புது ரோல், நசுங்கிய கேமரா, அவர் எல்லாமே அன்றைக்கு எரிந்துபோயிற்று.

“கொக்கி வேலை செய்யற கேமராதான் வேணும்னு வாங்கும்போதே கேட்டிருக்கார்,” என்றார் மேடம். “அடுத்தவன் முகத்தை மட்டும் எடுத்துட்டு ஒதுங்கிக்கிற எண்ணம் அவருக்கு இல்ல. பூட்டினது நான்தான்னு தன்னையும் சேர்த்துக் கொடுக்கத்தான் தயாரா இருந்திருக்கார்.”

“அதைச் சொன்னா கமிட்டி ஒத்துக்காதா மேடம்?”

“‘இருக்கணும்’, ‘இருந்திருக்கார்’. இதுக்கெல்லாம் அங்க என்ன மதிப்பு? கையில இருக்கறது ஒரு படம். அதுல இருக்கறது ஒரு ஆள். ‘எங்களுக்குத் தெரியவே தெரியாது, அவனா பூட்டியிருக்கான்’னு கம்பெனி ஒரே வரியில முடிச்சிடும்.”

அப்போதுதான் நான் போன் செய்ததைச் சொன்னேன். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா வாசலிலேயே காத்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி, பத்தொன்பது நாளில் முதல் தடவையாக நல்ல புடவை கட்டியிருந்தார். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

“எதிர்வீட்டு அக்காகிட்டகூடச் சொல்லிட்டேன்,” என்றார். “பதில் பேசல. ஆனா நின்னு கேட்டாங்க தம்பி. தீப்பிடிச்ச நாள்லேர்ந்து என் முகத்தைப் பார்க்காதவங்க, இன்னைக்கு நின்னு கேட்டாங்க.”

உள்ளே உட்கார்ந்ததும் மேடம் சுற்றி வளைக்காமல் படத்தை நீட்டினார்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். கதவை இல்லை, புருஷன் முகத்தை இல்லை, அந்தச் சாவியை. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“ஆஸ்பத்திரியில இதைக் கொடுத்தாங்க. அவரோட பேன்ட் பாக்கெட்டுல இருந்துதாம். இது வீட்டுச் சாவி. இது வேனோடது. இது டூல்ஸ் பெட்டி.” நாலாவது சாவியின் மேல் விரலை வைத்தார். “இது எதுக்குன்னு தெரியல. வீட்ல இருக்குற எல்லாப் பூட்டுலயும் போட்டுப் பார்த்துட்டேன். பீரோ, சைக்கிள், மொட்டை மாடி. எதுலயும் சேரல.”

படத்தில் இருந்த சாவியின் தலையில் ஒரு ஓட்டையும் ஒரு வெட்டும் இருந்தன. மேஜையில் இருந்ததிலும் இருந்தன.

“எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டீங்களாக்கா?” என்றேன்.

“ம்.”

“அப்புறம் ஏங்க்கா வந்தீங்க?”

“நீங்க ‘அது இல்லம்மா’ன்னு சொல்லுவீங்கன்னுதான்.”

மேடம் மூடியைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து காலைகளைப் பற்றிச் சொன்னார். தீப்பிடித்ததும் மெயினை அணைக்க ஓடியிருப்பார், எந்த எலக்ட்ரீஷியனுக்கும் கால் முதலில் அங்கேதான் போகும், கரண்ட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வரலாம் என்று நினைத்திருப்பார் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, “அதையெல்லாம் எந்தப் படத்துல காட்டுவீங்க?” என்றார்.

பிறகு படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இதை நாளைக்குக் கொடுத்தா என்ன ஆகும்?”

“கதவு பூட்டியிருந்ததுன்னு நிரூபணம் ஆகும். பூட்டினது உங்க வீட்டுக்காரர்னும் ஆகும். இப்போ அலட்சியமானவர்னு பேசுறாங்க. நாளையிலேர்ந்து வேற பேர் சொல்லுவாங்க.”

“கொடுக்கலைன்னா?”

“கதவு திறந்திருந்துச்சு, தள்ளத் தெரியாம செத்தாங்கன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க.” மேடம் கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. “ஃபிலிம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்மா. முப்பத்தஞ்சு கட்டம் நிஜமாவே கெட்டுப்போச்சு. அது பொய்யும் ஆகாது. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு.”

அந்த அம்மா மறுபடி படத்தைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை ஓரத்தைப் பார்த்தார். இடது மூலையில், பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில், ஒரு இளம் பெண் பாதித் தலை திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் அவளை முன்பே பார்த்திருந்தோம், யார் என்றுதான் தெரியாது. எங்கிருந்தோ ‘ஸ்ர்ர்’ என்று சத்தம் வந்ததும் திரும்பியிருக்க வேண்டும்.

“இது எதிர்வீட்டுப் பொண்ணு,” என்றார் அந்த அம்மா. படத்தோடு எழுந்தார்.

“இப்போவே வேண்டாம்மா. யோசிச்சு...” என்றார் மேடம்.

“யோசிச்சா கொடுக்க மாட்டேன்.”

தெருவைக் கடக்கப் பத்து அடிதான். நாங்கள் பின்னாலேயே போனோம். எதிர்வீட்டு அம்மா வாசல்படியில் துணி மடித்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். வேனோட்டுகிறவர் படத்தை நீட்டினார். எதிர்வீட்டு அம்மாவின் கண் கதவுக்கோ ஆளுக்கோ போகவில்லை. நேராக அந்த மூலைக்குப் போனது.

“சிரிக்குறா,” என்றார். படத்தின் மூலையை விரலால் தடவி, “எதைப் பார்த்துச் சிரிக்குறா?”

“கேமரா ஒரு மாதிரி சத்தம் போடும்மா,” என்றேன். “அதைக் கேட்டுத்தான் இருக்கும்.”

“அவளுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு.”

“அக்கா,” என்றார் வேனோட்டுகிறவர். “உங்க பொண்ணு கதவைத் தள்ளத் தெரியாம சாகலக்கா. கதவு பூட்டியிருந்துச்சு. பூட்டினது எங்க வீட்டுக்காரர். நாளைக்குக் கமிட்டியில இதைக் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

எதிர்வீட்டு அம்மா அப்போதுதான் படத்திலிருந்த ஆளைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். உயர்த்திப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அவர் கத்துவார், அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதைத் தடுக்க ஒரு அடி முன்னாலும் போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“சாவி இவர்கிட்டயா இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“அன்னைக்கும்?”

“அன்னைக்கும் பாக்கெட்டுலதான் இருந்துச்சுக்கா.”

எதிர்வீட்டு அம்மா படத்திலிருந்து தலையைத் தூக்கினார். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

“திறந்து விட்டிருக்கலாமே?”

“ஆமாக்கா,” என்றார் அவர். “திறந்து விட்டிருக்கலாம்.”